பத்தாம் நம்பரை விடுங்கோ, முதலில் ஒரு கோல்காப்பாளரைத் தேடுவோம்

எங்கட ஊர் வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக ஒரே சண்டை. ரொறன்ரோவில் இருக்கிற அண்ணை ஒருவர் குரல்பதிவு போட்டிருக்கிறார். "சேர், அந்தப் பத்தாம் நம்பர் பொடியன்தான் எங்கட மஹோம்ஸ். அவனைச் சுற்றி ரீமைக் கட்டுங்கோ. சப்பாத்து, தனிக் கோச், எல்லாச் செலவும் நாங்கள் பாக்கிறம்." கீழே ஒரே கைதட்டல். நான் எழுதின நாலு வரியை ஒருவரும் கவனிக்கவில்லை. அதனால் இங்கே நீட்டி எழுதுகிறேன். கோவிக்க வேண்டாம்.

மஹோம்ஸ் யாரென்று தெரியாதவர்களுக்கு: அமெரிக்க உதைபந்தாட்டத்தில் குவாட்டர்பேக் என்று ஒரு இடம். கிட்டத்தட்ட எல்லா நகர்வும் அவன் கையில்தான் தொடங்கும். யாருக்கு எறிவது என்று இரண்டு மூன்று செக்கனில் முடிவெடுக்க வேண்டும். அந்தச் செக்கன்களை அவனுக்கு வாங்கிக் கொடுப்பது முன்னால் மறித்து நிற்கிற ஐந்து தடியன்கள். அவர்களின் பெயரை யாரும் குரல்பதிவில் சொல்வதில்லை.

அண்ணை மஹோம்ஸின் கதையைப் பாதியிலிருந்து தொடங்கிவிட்டார். கன்சாஸ் சிற்றி அவரை 2017இல் பத்தாவது தெரிவாக எடுத்தது. எடுத்துவிட்டு, அலெக்ஸ் ஸ்மித் என்ற அனுபவசாலிக்குப் பின்னால் வாங்கில் இருத்தியது. அந்தப் பருவத்தில் அவர் தொடங்கியது கடைசி ஆட்டம் ஒன்றைத்தான். 2018இல்தான் அணி அவர் கைக்கு வந்தது. இன்னொரு கதையும் இருக்கிறது. 2002இல் ஹூஸ்டனில் புதிதாகத் தொடங்கிய அணி, டேவிட் கார் என்ற இளைஞரை முதலாவது தெரிவாக எடுத்து முதல் ஆட்டத்திலேயே இறக்கியது. முன்னால் ஒழுங்கான காவல் இல்லை. ஒரே பருவத்தில் 76 தரம் அவரை நிலத்தில் சாய்த்தார்கள்.

அமெரிக்கா எதற்கு, எங்கட யாழ்ப்பாணத்தையே பார்ப்போம். 2020 லங்கா பிரிமியர் லீக்கில் ஜப்னா ஸ்டாலியன்ஸ் அணி, யாழ் மத்திய கல்லூரிப் பொடியன் விஜயகாந்த் வியாஸ்காந்தை எடுத்தது. முதல் ஆட்டங்களில் அவரைக் காணவில்லை என்று நாங்கள் போட்ட சத்தம் நினைவிருக்கிறதா? "பேர் மட்டும்தான் யாழ்ப்பாணம்" என்று எழுதியவர்களில் நானும் ஒருவன். அந்த அணியில் லெக் ஸ்பின் போட வனிந்து ஹசரங்க இருந்தார். தலைமைக்குத் திசர பெரேரா இருந்தார். அப்படியான அணிக்குள்தான் டிசம்பர் 4இல், கொழும்புக்கு எதிராக அவரை இறக்கினார்கள். முதல் விக்கெட் அஞ்சலோ மத்தியூஸ். அந்த வருடம் கிண்ணமும் வந்தது. 2024இல் ஹசரங்க காயப்பட்டபோது ஹைதராபாத் ஐ.பி.எல். அணி அவருக்குப் பதிலாக எடுத்தது இந்தப் பொடியனைத்தான். அன்றைக்கு எங்கட சத்தத்துக்குப் பயந்து முழு அணியையும் அவர் தோளில் ஏற்றியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

இனி எங்கட திடலுக்கு வருவோம். பதின்மூன்று பேர். கோல்காப்பாளர் என்று ஒருவன் இல்லை, அன்றைக்குக் கடைசியாக வந்து சேருகிறவன்தான் கோலுக்குள் நிற்பான். இடப்பக்கப் பின்களப் பொடியன் தகப்பனோடு கடலுக்குப் போகிற நாளில் வரமாட்டான். சோழகம் அடித்தால் உயர உதைத்த பந்து வேலிக்கு வெளியே. அதனால் எல்லோரும் பந்தைப் பத்தாம் நம்பருக்கே தள்ளுகிறார்கள். அது எதிரணிக்கும் தெரியும். போன ஆட்டத்தில் இரண்டு பேர் அவனோடேயே ஒட்டி ஓடினார்கள். மூன்று தரம் விழுத்தினார்கள். இரண்டாம் பாதியில் அவன் வலக்காலை ஊன்றாமல் ஓடியதை நான் பார்த்தேன். "மாத்தவா?" என்று கேட்டதற்கு, "வேண்டாம் சேர், கனடாக்காரர் லைவில பாக்கினம்" என்றான்.

வயது பதினைந்து. அல்லாஹ் அந்தப் பிள்ளையின் காலில் வைத்தது பெரிய கொடை. அதை உடைத்துத் தருகிற ஆளாக நான் இருக்க மாட்டேன்.

நீங்கள் சொல்லுகிற ஒரு விஷயம் சரிதான். இப்படி ஒருவன் சின்ன ஊரில் அடிக்கடி வரமாட்டான். கவனிக்காவிட்டால் நகரத்துப் பெரிய பள்ளிக்கூடம் ஏதாவது கொண்டு போய்விடும். அதனால் அவனை அணியில் எடுத்தேன், மற்றவர்களைவிட ஒரு வருடம் முந்தியே எடுத்தேன். ஆனால் எடுப்பது வேறு, அவனைச் சுற்றிக் கட்டுவது வேறு. கட்டுவதற்குப் பந்தைப் பிடிக்க ஒருவன் வேண்டும். பின்னாலிருந்து நிதானமாகக் கொடுக்க இரண்டு பேர் வேண்டும். அவனை மறித்தால் கோபப்படாமல் மற்றப் பக்கம் திருப்ப ஒருவன் வேண்டும். அவன் இல்லாமல் இந்த அணி ஒரு ஆட்டம் வெல்லட்டும். அடுத்த நாளே அவனைச் சுற்றிக் கட்டுகிறேன், நீங்கள் கேட்கவே தேவையில்லை.

தனிக் கோச்சுக்கு என்று சேர்த்த காசில் இரண்டு சோடி கையுறை, பத்துப் பந்து, கடலுக்குப் போகிற பொடியனுக்குப் பின்னேர பஸ் காசு. அவ்வளவும் போதும். வெள்ளி ஜும்ஆவுக்கு யாழ்ப்பாணம் போகிறேன், கையுறை விலையை விசாரித்துக் குழுவில் போடுகிறேன். சனி பின்னேரம் நாலரைக்குத் திடலில் நிற்பேன். ஊரில் நிற்கிறவர்கள் வாருங்கோ. பத்தாம் நம்பர் அன்றைக்கு விளையாட மாட்டான், காலுக்கு ஓய்வு.