ஓடுவதா, சுடுவதா?

மாடிப்படியை மூச்சு வாங்க ஏறி வந்தவுடன் ஊசியில் நூல் கோத்துப் பார்த்திருக்கிறீர்களா? கை நடுங்கும், நூல் ஊசிக்காதை விட்டு விலகி விலகிப் போகும். ஏறக்குறைய இதையே ஒரு பந்தயமாக வைத்திருக்கிறார்கள் குளிர்தேசத்துக்காரர்கள். பயாத்லான் என்று அதற்குப் பெயர்.

முதுகில் மூன்றரைக் கிலோவுக்குக் குறையாத துப்பாக்கி. காலில் பனிச்சறுக்குக் கட்டைகள். மேடும் பள்ளமுமாகச் சில கிலோமீட்டர் பறந்து வரவேண்டும். வந்த வேகத்தில் 50 மீட்டர் தூரத்திலுள்ள ஐந்து கறுப்பு வட்டங்களைச் சுடவேண்டும். படுத்துச் சுட்டால் வட்டம் எலுமிச்சம்பழ அளவு. நின்று சுட்டால் காப்பி டபராவின் வாய் அளவு. பெரும்பாலான பந்தயங்களில் ஒரு குறி தவறினால் 150 மீட்டர் அதிகப்படியாகச் சுற்றி வருவதுதான் தண்டனை!

இந்த விளையாட்டில் கொடி கட்டிப் பறந்தவர் மக்டலேனா நாய்னர். 1987-ல் பிறந்தவர். ஜெர்மனியின் தென்கோடியில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்திலுள்ள வால்காவ் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். உத்தியோகம் சுங்க இலாகாவில். பொழுதுபோக்கு கம்பளி நூல் பின்னுவது.

2007-ல் இத்தாலியிலுள்ள அந்தோல்ட்ஸில் உலகப் போட்டி நடந்தது. இருபது வயது நிறையச் சில நாட்கள் இருக்கும்போது முதல் தங்கத்தை வென்றார். போட்டி முடிவதற்குள் மூன்று தங்கம் சேர்ந்துவிட்டது!

குறி தவறாத வீராங்கனை போலும் என்று எண்ணிவிடாதீர்கள். ஓட்டத்தில் இவருக்கு ஈடில்லை. ஆனால் நின்று சுடும்போது குண்டு அடிக்கடி இலக்கை விட்டு விலகும். தண்டனைச் சுற்றுகளை ஓடி முடித்து, அதற்குப் பிறகும் மற்றவர்களை எட்டிப் பிடித்து முந்துவார். பார்ப்பவர்களுக்கு நெஞ்சு திக்திக்கென்று அடித்துக்கொள்ளும்.

2010-ல் கனடாவின் வான்கூவரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில், முதல் பந்தயத்தில் ஸ்லோவாக்கியாவின் குஸ்மினாவிடம் ஒன்றரை வினாடியில் தோற்று வெள்ளி பெற்றார். மூன்று நாள் கழித்து நடந்த துரத்தல் பந்தயத்தில் அதே குஸ்மினாவைப் பின்னுக்குத் தள்ளித் தங்கம் வாங்கினார். அடுத்து இன்னொரு தங்கம்.

மிச்சமிருந்தது நால்வர் தொடர் ஓட்டம். மூன்றாவது தங்கத்துக்கு வாய்ப்பு கண்ணெதிரே நின்றது. ஆனால், "எனக்குப் போதும், என் இடத்தில் வேறொருத்தி ஓடட்டும்" என்ற எண்ணத்தில் விலகிக்கொண்டார். ஜெர்மனிக்கு வெண்கலம் கிடைத்தது. இவர் ஓடியிருந்தால் தங்கமாகியிருக்குமோ? யார் சொல்ல முடியும்! ஆனால், அன்று பதக்கம் வாங்கிய நால்வரில் ஒருத்திக்கு அந்த இடம் இவர் விட்டுக்கொடுத்தது.

உலகப் போட்டிகளில் மொத்தம் 12 தங்கம். உலகக் கோப்பையின் ஒட்டுமொத்த வெற்றி மூன்று முறை. மூன்றாவது முறை வென்ற 2012-ம் ஆண்டிலேயே, 25-வது வயதில், துப்பாக்கியைக் கீழே வைத்தார். தோற்றுத் துவண்டல்ல, உச்சியில் நிற்கும்போது! சாதாரண வாழ்க்கை வாழவேண்டும் என்று ஆசையாம்.

விருந்தில் பாயசம் இன்னும் மிச்சமிருக்கும்போதே இலையை மடிப்பவர் நம்மில் எத்தனை பேர்? நின்று சுடும்போது குறி தவறிய அந்தப் பெண்ணுக்கு, எப்போது நிறுத்துவது என்பதில் மட்டும் குறி தவறவேயில்லை.