ஐந்தாவது ஏன்

தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் இவ்வாரமும் போஞ்சியும் கத்தரியும் நெருக்கி அடைத்த மூடைகளிலேயே வந்து இறங்கின; இலங்கையில் அறுவடைக்குப் பின் மரக்கறியிலும் பழத்திலும் 30 முதல் 40 சதவீதம் வரை வீணாவதாகப் பல்லாண்டுகளாக மதிப்பிடப்பட்டு வரும் நிலையில், இக்காட்சி சினமூட்டுவது. 2011 டிசம்பரில் மரக்கறிகளைப் பிளாஸ்டிக் கூடைகளிலேயே ஏற்ற வேண்டுமென அரசு கட்டாயப்படுத்தியபோது, விவசாயிகளும் வியாபாரிகளும் வீதியில் இறங்கினர், விதியும் தளர்ந்தது. கூடை நல்ல கருவியே. ஆயினும் வெறுங்கூடையைத் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது, லொறியில் குறையும் சுமைக்கு ஈடு யார் தருவது என்பவை மூடை கட்டுவோரிடமும் அதைச் சுமக்கும் நாட்டாமைகளிடமும் முன்னரே கேட்கப்பட்டிருக்க வேண்டியவை.

இவ்வாறு கேட்பதைக் கற்பிக்கும் நூலொன்று இங்கு வந்தே ஆக வேண்டும்: டொயோட்டா உற்பத்தி முறை பற்றி அந்நிறுவனப் பொறியாளர் தாயிச்சி ஓனோ 1978இல் ஜப்பானிய மொழியில் வெளியிட்ட நூல். வேலையைச் செய்வோரே அதனை நாள்தோறும் சிறிது சிறிதாகச் செம்மைப்படுத்தும் வழக்கத்தை ஜப்பானியர் கைசன் என்பர். அதற்கு ஓனோ தரும் கருவி, ஏன் என்று ஐந்து முறை கேட்பது. இயந்திரம் ஏன் நின்றது? சுமை மிகுந்து மின்னுருகி எரிந்தது. சுமை ஏன் மிகுந்தது? தாங்கிக்கு எண்ணெய் போதவில்லை. ஏன் போதவில்லை? பம்பி சரியாக இறைக்கவில்லை. ஏன் இறைக்கவில்லை? அதன் தண்டு தேய்ந்திருந்தது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாமையால் உலோகத் துகள் உட்புகுந்தது. முதல் விடையோடு நிற்பவர் உருகியை மட்டும் மாற்றிச் செல்வார். அது மறுபடியும் எரியும்.

தம்புள்ளை அமைந்துள்ள மாத்தளை மாவட்டத்தில், சந்தையைவிட இக்கேள்விக்கு அதிக வேலையுள்ள இடம், ரத்தோட்டை, எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களின் கொழுந்து மடுவம், அதாவது பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகை. பறித்த பின்னும் கொழுந்து சுவாசிப்பதால், அழுத்தி அடைத்த பையில் அது சூடேறிச் சிவந்துவிடும். சிவந்த கொழுந்திலிருந்து நல்ல தேயிலை கிடைப்பதில்லை. அமுக்காதே என்று அதட்டுவது உருகியை மாற்றுவதற்கு ஒப்பானது. ஏன் அமுக்குகிறார்கள் என்று கேட்டால், நாட்பெயருக்கு, அதாவது ஒரு நாள் கூலிக்கு, உரிய கிலோவை எட்ட வேண்டியிருப்பதும், மடுவம் தொலைவிலிருந்தால் ஒவ்வொரு நடையும் பறிக்கும் நேரத்தை விழுங்குவதும், வெட்டப்படும் நிறையைப் பற்றிய ஐயமும் ஒவ்வொன்றாக வெளிவரும். இவற்றை அறிந்தவர்கள் கொழுந்து பறிக்கும் பெண்களே. ஒன்றரை நூற்றாண்டாகத் தோட்டத்தின் அதிகார ஏணி அவர்களுக்குக் கட்டளையைத்தான் அனுப்பியிருக்கிறது, கேள்வியை அனுப்பியதில்லை. டொயோட்டாவோ தொழிலாளர் யோசனைகளைப் பெறும் திட்டத்தை 1951இலேயே தொடங்கிவிட்டது.

தோட்ட முகாமையாளர்கள் அடுத்த பயிற்சிப் பட்டறைக்குப் பணம் ஒதுக்குவதற்கு முன், மாலை நிறுவையின்போது ஒரு மணி நேரம் மடுவத்தில் நின்று, அப்பெண்களிடம் ஐந்தாவது ஏன் வரை கேட்டு, கிடைத்த விடையை அந்த வாரத்திலேயே செயற்படுத்த வேண்டும்.