சும்மா ஒரு கையெழுத்துதானே!

ரெண்டு நாளா எழுதலாமா வேணாமான்னு யோசனை. சொந்தக்காரங்க யாரும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டாங்கன்ற தைரியத்துல எழுதறேன். (டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. பட்டுத் தெரிஞ்சுக்கிட்டவன்.)

போன ஞாயித்துக்கிழமை பம்மல்லேர்ந்து சித்தப்பா வந்தார். கையில மஞ்சப்பை, உள்ள பேங்க் பேப்பர். "தொழில்ல கடன் கொஞ்சம் நெருக்குதுப்பா. வீட்டுப் பத்திரத்தை வச்சு ஒரே கடனா வாங்கி எல்லாத்தையும் அடைச்சிடலாம். நீ, அம்மா, அக்கா மூணு பேரும் சும்மா ஒரு கையெழுத்து போட்டா போதும்."

இந்த "சும்மா ஒரு கையெழுத்து" எங்க வீட்டுக்குப் புதுசு இல்லை. பம்மல் இடம் கொள்ளுத்தாத்தா வாங்கினது. தாத்தா 1952லயே போயிட்டார். அப்பாவும் சித்தப்பாவும் கடைசி வரைக்கும் பாகம் பிரிக்கலை. சித்தப்பா 1994ல் நாகல்கேணி பக்கம் ஷெட் பிடிச்சு தோல் கையுறை தைக்க ஆரம்பிச்சார். 2004ல் முன் பாதி வீட்டை அடமானம் வச்சார். "தம்பிக்குத்தானே"ன்னு அப்பா கையெழுத்து போட்டார். 24 வயசுல நானும் படிக்காம போட்டேன். 2008ல் உலகமே சரிஞ்சப்ப ஆர்டர் நின்னுது. 2009ல் முன் பாதி, கிணத்தோட ஏலம் போச்சு. இப்ப அங்க நாலு மாடி ஃபிளாட் நிக்குது.

அப்புறம்தான் சட்டம் என்ன சொல்லுதுன்னு தேட ஆரம்பிச்சேன்.

நம்மள்ல பலருக்கு ரெண்டு நினைப்பு. ஒண்ணு, குடும்பத் தலைவர் (சட்டத்துல 'கர்த்தா') கூட்டுக் குடும்பச் சொத்தை என்ன வேணா பண்ணலாம். இன்னொண்ணு, எல்லாரும் கையெழுத்து போடாம அவரால ஒண்ணும் பண்ண முடியாது. ரெண்டுமே தப்பு.

கல்யாணம், வைத்தியம், பரம்பரைத் தொழிலோட கடன் மாதிரி குடும்ப அவசியம் இருந்தா கர்த்தா தனியாவே அடமானம் வைக்கலாம், அது எல்லாரையும் கட்டுப்படுத்தும். முன்கூட்டியே போய் தடை வாங்கவும் முடியாது, நடந்த பிறகுதான் எதிர்த்து வழக்கு போடணும்னு 1988ல் சுனில் குமார் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

ஆனா மறுபக்கமும் இருக்கு. அவசியம் நிஜம்தானான்னு கடன் கொடுக்கறவர் விசாரிக்கணும்னு 1856லயே பிரிவி கவுன்சில் சொல்லிருக்கு. கர்த்தா தானா ஆரம்பிச்ச புதுத் தொழிலோட ஆபத்தை வீட்டு மைனர் பிள்ளைங்க தலையில கட்ட முடியாதுன்னு 1932ல் பெனாரஸ் பேங்க் வழக்குல தீர்ப்பு. 2005 செப்டம்பர் 9க்கு அப்புறம் வாங்கின கடனுக்கு, 'அப்பன் கடனைத் தீர்க்கறது பிள்ளையோட தர்மம்'னு அதை மட்டும் சொல்லி மகன், பேரன் மேல வழக்கு நடத்த முடியாது.

இவ்வளவு பாதுகாப்பு இருக்கறதாலதான் பேங்க்ல எல்லார் கையெழுத்தும் கேக்கறாங்க! வயசு வந்தவங்க சம்மதிச்சு போட்டுட்டா அப்புறம் 'அவசியம் இல்லாத கடன்'னு பேச நமக்கு வாய் இருக்காது. கையெழுத்து சும்மாவா இருந்தா அதுக்காக ஒருத்தர் வீடு தேடி வருவாரா? அதுலயும் ஜாமீன்தாரர்னு ஒரு இடத்துல போட்டா, வீட்டோட நிக்காது, நம்ம சம்பளம் வரைக்கும் வரும். தவணை நின்னுபோய் வராக்கடன்னு எழுதிட்டா, 2002 சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ், அப்புறம் கோர்ட்டுக்கே போகாம வீட்டை எடுத்து ஏலம் விடலாம்.

அக்கா கதை தனி. 1992ல் கல்யாணம் ஆனவ. 1989 மார்ச் 25லேர்ந்தே தமிழ்நாட்டுச் சட்டப்படி அவளுக்கும் பங்கு உண்டு. 2004ல் அவளை யாரும் கேக்கலை. 2005 திருத்தம், 2020 வினீதா சர்மா தீர்ப்பு எல்லாம் வந்த பிறகு இப்ப அவ கையெழுத்துக்கும் மதிப்பு வந்திருக்கு, அதாவது பேங்க்ல கேக்கறாங்க!

சித்தப்பாவைக் கெட்டவர்னு சொல்ல வரலை. எனக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டினது அந்த ஷெட்டுதான். அதனாலதான் "முடியாது"ன்னு சொல்ல நாக்கு எழலை. ஆனா மிஷின் வாங்க வீட்டை வைக்கறது வேற, பழைய வட்டியைக் கட்ட வைக்கறது வேற. முதல்லது தொழில். ரெண்டாவது, கடனை ஒரு பையிலேர்ந்து இன்னொரு பைக்கு மாத்தறது. எழுபது வயசு தாண்டிய அம்மா இன்னமும் அந்தப் பின் பாதியிலதான் இருக்காங்க.

கடைசியில சொன்னேன்: "முதல்ல பாகம் பிரிப்போம் சித்தப்பா. உங்க பங்கை நீங்க வைங்க, வித்து கடனை அடைங்க, நான் குறுக்க நிக்க மாட்டேன். எங்க பங்குல கையெழுத்து போட மாட்டேன்." பாகம் பிரிச்சா குடும்பம் பிரிஞ்சுடும்னு நம்ம ஊர்ல ஒரு பயம். நான் பாத்த வரைக்கும் குடும்பம் பிரிஞ்சது ஏல நோட்டீஸ் வந்த அன்னிக்குத்தான்.

சித்தப்பா காபியைக் குடிக்காம எழுந்து போயிட்டார். சித்தி இன்னும் ஃபோன் எடுக்கலை. அம்மா "போட்டுத் தொலைச்சிருக்கலாம்டா"ன்னு ஒரு தடவை சொன்னாங்க, அப்புறம் ஒண்ணும் சொல்லலை.

நான் செஞ்சது சரின்னுதான் நினைக்கறேன். ஆனா ராத்திரி தூக்கம் வரலை. உங்க வீட்டுல இப்படி ஒரு மஞ்சப்பை வந்தப்ப என்ன பண்ணீங்க? சொல்லுங்க மக்களே.