சிறிதெனினும் நஞ்சே

மக்கள் உடலுக்கு உலோகங்கள் சிலவும் வேண்டும். குருதிக்கு இரும்பும் வளர்ச்சிக்குத் துத்தநாகமும் இன்றியமையாதவை. இவை மிகச் சிறிய அளவில் அமைந்து உடலை ஓம்புகின்றன. காரீயமோ அத்தகையதன்று, அதனால் உடல் பெறும் பயன் ஒன்றுமில்லை. உட்சென்ற காரீயத்தை உடல் சுண்ணச்சத்தெனக் கொண்டு எலும்பிலே சேர்த்து வைக்கிறது. பல்லாண்டுகள் அஃது அங்கே தங்கும். பெரியோரினும் சிறுவர் உடலே அதனை மிகுதியாக ஏற்கிறது. வளரும் மூளை தாக்குண்டு, கற்கும் ஆற்றல் குன்றுகிறது. தீங்கற்ற அளவு என ஒன்று காரீயத்திற்கு அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிபு.

இத்தகைய நஞ்சு தெருவெங்கும் பரவியது எவ்வாறு? 1921-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டினரான தாமஸ் மிட்ஜ்லி என்பவர், காரீயக் கூட்டுப்பொருள் ஒன்றைப் பெட்ரோலிற் சிறிது கலந்தால் மோட்டார் எந்திரம் தட்டொலியின்றி ஓடும் எனக் கண்டார். 1923-இல் அது விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டே, அப்பொருளை உண்டாக்கிய ஆலையில் தொழிலாளர் சிலர் அறிவு மயங்கி மாண்டனர். ஆலிஸ் ஹாமில்டன் என்னும் மருத்துவ அம்மையார் முதலியோர் எச்சரித்தனர். விற்றவர்களோ, வண்டிப் புகையிற் கலந்த சிற்றளவால் மக்களுக்குத் தீங்குண்டு என்பதை எதிர்ப்போரே மெய்ப்பித்தல் வேண்டும் என்றனர்.

1965-இல் கிளேர் பாட்டர்சன் என்னும் அறிஞர், மக்கள் உடலில் இயற்கையளவினும் பன்மடங்கு காரீயம் ஏறியிருப்பதை எடுத்துக்காட்டினார். பின்னர் ஒவ்வொரு நாடாக அதனை விலக்கலாயிற்று. இந்தியா 2000-ஆம் ஆண்டிலும், எல்லா நாடுகளுக்கும் இறுதியாக அல்ஜீரியா 2021-ஆம் ஆண்டிலும் மோட்டார் வண்டிகளுக்குரிய காரீயப் பெட்ரோலை நீக்கின. எதிர்ப்போர் மெய்ப்பிக்கட்டும் என்று காத்திருந்தமையால் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழிந்தன!

ஐயம் ஒன்றையே கொண்டு புதுப்பொருளை விலக்கினால் தொழில் வளராது எனச் சிலர் கூறுவர். ஆயின், எரிசாராயம் கலந்தாலும் தட்டொலி நிற்கும் என்பது அக்காலத்திலேயே அறிந்த செய்தியாகும். வேறு வழி இல்லாமையால் அன்று. ஊதியம் கருதியே தீய வழி தேர்ந்தெடுக்கப்பட்டது.

ஆதலின், காற்றிலும் நீரிலும் ஒரு பொருளைக் கலப்பவரே அது தீங்கற்றது என்பதை முன்னர் நிறுவுதல் முறை. நோயுற்ற குழந்தையைச் சான்றாகக் காட்டும்வரை காத்திருத்தல் அறமாகாது. இன்றும் பழைய வண்ணப்பூச்சிலும், குடியிருப்புகளின் நடுவே உடைத்து உருக்கப்படும் பேட்டரிகளிலும் காரீயம் இருக்கிறது. அளவு சிறிதென்று அதனைப் புறக்கணித்தல் கூடாது. நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்வதே அதன் இயல்பு. வருமுன் காத்தலே அதற்கு ஏற்ற மருந்து.