பிரேக் குழாயைத் தின்னும் உப்பு

வண்டி வாகனம்: கேள்வி - பதில்

''மீஞ்சூர் பக்கத்தில் கீரை சாகுபடி செய்கிறேன். சொந்தமாக 11 வருஷத்து மினி லாரி இருக்கிறது. விடியற்காலையில் கல்மண்டபம் மார்க்கெட்டில் கீரையை இறக்கிவிட்டு, மீன் அமிலம் தயாரிக்க காசிமேட்டில் மீன் கழிவு ஏற்றி வருவேன். போன மாதம் எண்ணூர் விரைவுச் சாலையில் முன்னால் போன கன்டெய்னர் லாரி நின்றது. பிரேக்கை மிதித்தேன். பெடல் தரை வரைக்கும் போய்விட்டது. பிரேக் பேருக்குத்தான் பிடித்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஓரத்து மணலில் ஏற்றி நிறுத்தினேன். பக்கத்தில் என் மனைவி இருந்தார். இரும்புக் குழாய் துருப்பிடித்து வெடித்துவிட்டது என்கிறார் மெக்கானிக். லைனிங் மாற்றி 4 மாதம்தான் ஆகிறது, எஃப்.சி.யும் இருக்கிறது. பிறகு ஏன் இப்படி?''

- ஒரு வாசகர், மீஞ்சூர்.

''இருவரும் நல்லபடியாக வீடு சேர்ந்தீர்கள், அதுவே பெரிது. லைனிங் என்பது சக்கரத்தில் உரசி வண்டியை நிறுத்தும் பாகம். உங்கள் காலின் அழுத்தத்தை அந்தச் சக்கரம் வரைக்கும் கொண்டு போவது பிரேக் ஆயில். அது ஓடுவது பென்சில் பருமன்கூட இல்லாத இரும்புக் குழாயில். பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது, டயர் காற்றைப் போலப் பல மடங்கு அழுத்தம் அதற்குள் ஏறும். துருவால் மெலிந்த குழாய் சாதாரணமாக மிதிக்கும்போது தாங்கும். அவசரத்தில் ஓங்கி மிதிக்கும்போதுதான் வெடிக்கும்.

உங்கள் வண்டிக்கு உப்பு இரண்டு பக்கமிருந்து வருகிறது. ஒன்று கடல் காற்று. இன்னொன்று, மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர். அது பலகை இடுக்கு வழியாக இறங்கி, சேஸிஸில் குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்புகளில் சேற்றோடு தங்கிவிடும். மேல் பூச்சு பார்க்க நன்றாக இருக்கும், அடியில் இரும்பு அரிந்துகொண்டிருக்கும்.

அமெரிக்காவில் பனியைக் கரைக்க சாலையில் உப்பைத் தூவுவார்கள். அங்கே பழைய பிக்கப் வண்டிகளில் பிரேக் குழாய் துருப்பிடித்து உடைவதாக வந்த புகார்களை, அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2010-ல் விசாரிக்கத் தொடங்கி, 2015 ஏப்ரலில் முடித்தது. உரிமையாளர்களுக்கு அது சொன்ன அறிவுரை இரண்டு: அடிப்பாகத்தை நன்றாகக் கழுவுங்கள், பழைய வண்டியின் குழாய்களைச் சோதியுங்கள். நமக்கும் அதேதான்.

எஃப்.சி. இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். 8 வருஷத்துக்கு மேற்பட்ட சரக்கு வண்டிக்கு வருஷம் ஒருமுறைதான் எஃப்.சி. துரு மீதி நாளெல்லாம் வேலை செய்கிறது.

செய்ய வேண்டியவை:

* மீன் ஏற்றிய அன்றே போர்வெல் அல்லது குழாய்த் தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். உவர்த் தண்ணீர் கூடாது. பெட்டிக்கு அடியில் தார்ப்பாய் விரித்து, தண்ணீர் சேஸிஸில் இறங்காமல் பின்பக்கமாக வடிய விடுங்கள்.

* கழிவு ஆயிலை அடியில் அடிக்காதீர்கள். ரப்பர் ஹோஸ் ஊறிக் கெடும், லைனிங்கில் பட்டால் பிரேக் வழுக்கும்.

* வாரம் ஒருமுறை பிரேக் ஆயில் அளவைப் பாருங்கள். அடிக்கடி குறைந்தால் கசிவு இருக்கலாம். ஊற்றிச் சமாளிக்காமல் எங்கே ஒழுகுகிறது என்று தேடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். உள்ளேயும் துரு வரும். 2 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

* மாதம் ஒருமுறை, களத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, இன்ஜினை ஓடவிட்டு, பெடலை அரை நிமிஷம் ஓங்கி மிதித்துப் பிடியுங்கள். பெடல் மெல்ல இறங்கினால் வண்டியை எடுக்க வேண்டாம். குழாய் வெடிப்பதானால் களத்திலேயே வெடிக்கட்டும்.

* ஒரு குழாய் போயிருந்தால் மற்றதும் அதே வயதுதான். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். உடைந்த குழாயின் வாயை நசுக்கி அடைத்து, மீதி பிரேக்கில் ஓட்டுவது, பற்றவைப்பது, ஏ.சி. மெக்கானிக் கடையில் கிடைக்கும் செம்புக் குழாயைப் போடுவது, மூன்றும் ஆபத்து. பிரேக்குக்கென்றே செய்த குழாயைப் போட்டு, ஏர் எடுத்து, ஓட்டிப் பார்த்த பிறகே கூலி கொடுங்கள்.

வழியில் பெடல் இறங்கிவிட்டால் அதை விடாமல் பம்ப் செய்யுங்கள். உங்கள் வண்டி போன்றவற்றில் பிரேக் இரண்டு பிரிவாக இருக்கும். ஒன்று போனாலும் இன்னொன்று கொஞ்சம் பிடிக்கும். மிகப் பழைய வண்டிகளில் ஒரே பிரிவுதான். குழாய் போனால் எதுவும் மிஞ்சாது. கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். இன்ஜினை அணைக்காதீர்கள். ஹேண்ட் பிரேக் கேபிளில் இயங்குவதால் ஆயில் இல்லாமலும் பிடிக்கும். ஒரே இழுப்பாக இழுக்காமல் சிறிது சிறிதாக இழுங்கள். அது வேலை செய்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். அன்று உங்களைக் காப்பாற்றியதில் அதற்கும் பங்கு உண்டு.''

''டிராக்டருக்கும் இது பொருந்துமா?''

- ஒரு வாசகி, பொன்னேரி.

''பழைய டிராக்டர் பலவற்றில் பிரேக் கம்பியால் இயங்கும். ஆயில் குழாய் இருக்காது. ஆனால் கம்பியும் பின்னும் துருப்பிடிக்கும். கிரீஸ் வையுங்கள், பின் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். சாலையில் ஏறும் முன் இரண்டு பிரேக் பெடலையும் கொக்கியால் இணைக்க மறக்காதீர்கள். இணைக்காமல் ஒன்றை மட்டும் மிதித்தால், டிரெய்லரோடு வண்டி ஒரு பக்கமாகத் திரும்பிக் கவிழும்.''