கைதட்டிய ஊரே காறித் துப்பியது!

லண்டனில் ஒரே நேரத்தில் 2 நாடகங்கள் ஓகோ என்று ஓடின. இரண்டையும் எழுதியவர் ஒருவரே. அவர்தான் ஆஸ்கார் வைல்டு! 1895 பிப்ரவரியில் ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. மே மாதம் அவர் ஜெயில் கைதி!

இந்தக் கதையைத்தான் 1997-ல் வந்த "வைல்டு" என்ற ஆங்கிலப் படம் சொல்கிறது. வைல்டாக நடித்தவர் ஸ்டீபன் பிரை.

அன்பான மனைவி கான்ஸ்டன்ஸ். 2 மகன்கள். இப்படி இருக்கும்போது ஆல்பிரட் டக்ளஸ் என்ற பிரபு வீட்டு வாலிபரிடம் வைல்டு மனதைப் பறிகொடுத்தார். வாலிபரின் அப்பா குவின்ஸ்பெரி பிரபுவுக்கு ஆத்திரம். வைல்டு போகும் கிளப்புக்கே போய், அசிங்கமாகத் திட்டி ஒரு சீட்டு எழுதி வைத்தார். அதிலும் எழுத்துப் பிழை!

கிழித்துப் போட்டிருந்தால் விஷயம் அதோடு போயிருக்கும். நண்பர்கள் சொல்லியும் கேட்காமல் வைல்டு கோர்ட்டுக்குப் போனார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்! பிரபு தரப்பு சாட்சிகளைத் திரட்டியது. 3-வது நாளே வழக்கு கவிழ்ந்தது. அன்று மாலையே ஓட்டலில் வைல்டு கைது. கடைசியில் 2 ஆண்டு கடுங்காவல்.

நாடக விளம்பரங்களில் அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். வீட்டுச் சாமான்கள் ஏலம் போயின.

மனைவிக்குச் செய்தது துரோகம்தான். மறுக்க முடியாது. ஆனால் அதைக் கேட்க வேண்டியவர் மனைவி. கோர்ட்டு அதற்காகவா தண்டித்தது? ஆணும் ஆணும் உறவு கொண்டதற்காகத் தண்டித்தது! தண்டனையில் பாதியை அனுபவித்தவர்களோ மனைவி, மக்கள். அவமானம் தாங்காமல் "ஹாலந்து" என்று பெயரையே மாற்றிக்கொண்டார்கள். 1898-ல் கான்ஸ்டன்ஸ் இறந்தார். மகன்கள் அப்பாவை மறுபடி பார்க்கவே இல்லை. 1900-ல் பாரிசில் ஏழையாகச் செத்தார் வைல்டு. வயது 46.

படமோ வைல்டும் டக்ளசும் மீண்டும் சந்திப்பதோடு முடிந்துவிடுகிறது. இதுதான் குறை. அந்தப் பிள்ளைகள் பட்ட பாட்டையும் காட்டியிருக்க வேண்டாமா?

இங்கிலாந்தில் 1967-ல் சட்டம் மாறியது. வெள்ளைக்காரன் நம் தலையில் கட்டிவிட்டுப் போன 377-வது பிரிவின் பிடி தளர 2018 வரை ஆனது. சட்டம் மாறியாச்சு. அடுத்த வீட்டு ஜன்னலை எட்டிப் பார்க்கும் புத்தி எப்போது மாறும்?