பேட்டரியை மாற்றுங்கள், போனை ஏன் மாற்றுகிறீர்கள்?

பெற்றோரே, கோபித்துக்கொள்ளாதீர்கள். பரீட்சை ரிசல்ட் வந்த வாரத்தில் நம் ஊர் ம.பொ.சி. சாலை செல்போன் கடைகளில் பிள்ளையும் கையுமாக நீங்கள் நிற்பதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. பழைய போன் நன்றாகத்தானே ஓடுகிறது? “சார்ஜ் நிற்கலை” என்கிறான். சரி, பேட்டரியை மாற்றிக் கொடுங்கள்.

போன் எங்கே உருவாகிறது என்று நமக்குத் தெரியாதா? ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் நோக்கியா ஆலை தொடங்கியதும் 2014-ல் அது மூடியதும், இப்போது சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் தயாராவதும் இந்தப் பக்கத்துச் செய்திகள்தாம். ஆனால் அங்கே நடப்பது பாகங்களைச் சேர்க்கும் கடைசி வேலை. அதற்குள் காங்கோவில் கோபால்ட்டுக்காக மண்ணைக் குடைந்தாகிவிட்டது. அந்தக் குழிகளில் நம் பிள்ளைகள் வயதுக் குழந்தைகளும் இறங்கியிருக்கிறார்கள். சிப் செய்ய ஏராளமான மின்சாரமும் தண்ணீரும் செலவாகிவிட்டன. ஒரு போன் தன் ஆயுள் முழுக்க வெளியேற்றக் காரணமாகும் கரியமில வாயுவில் பெரும்பங்கு, சில மாடல்களில் ஐந்தில் நான்கு பங்கு, தயாரிப்பிலேயே வெளியேறிவிடுகிறது. சார்ஜரைப் பிடுங்கி வை என்று பிள்ளையை அதட்டிவிட்டு, இரண்டு வருஷத்துக்கொரு போன் வாங்கித் தந்தால் என்ன மிச்சம்?

பழையதை என்ன செய்கிறீர்கள்? “ஓடாத செல்போன், உடைஞ்ச செல்போன்” என்று தெருவில் வண்டி கூவினால் எடுத்துக் கொடுத்து ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கிக்கொள்கிறீர்கள். அவர் பிழைப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த போன் கைமாறிக் கைமாறி எங்கே போகும் என்று கேட்டதுண்டா? டெல்லி சீலம்பூர் போன்ற இடங்களில் போர்டைச் சூடுகாட்டிப் பிரித்து, துளித் தங்கத்துக்காக ஆசிட்டில் போடுகிறார்கள். ஈயமும் காட்மியமும் அங்கேயே மண்ணில் இறங்குகின்றன. அந்தத் தெருவிலும் குழந்தைகள் விளையாடுகிறார்கள். 2022-ல் உலகம் கொட்டிய மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது கால்வாசிகூட இல்லை.

ஜப்பானில் மக்கள் கொடுத்த சுமார் 62 லட்சம் பழைய போன்களையும் மற்றச் சிறு மின்சாதனங்களையும் உருக்கித்தான் டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களைச் செய்தார்கள். நம் பீரோவில் தூங்குவதும் அதே தங்கம்தான். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நம் நாட்டு மின்னணுக் கழிவு விதிகள், மறுசுழற்சிக்கான பொறுப்பைத் தயாரிப்பாளர் மீதே வைத்திருக்கின்றன. பழைய போனை அந்தந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். வாங்க மாட்டோம் என்றால் விடாமல் கேளுங்கள். வீங்கிய பேட்டரியை மட்டும் தயவுசெய்து குப்பை வண்டியில் போடாதீர்கள். நசுங்கினால் தீப்பிடிக்கும், வேகப்போவது குப்பை பிரிக்கிற அம்மாவின் கை.